மூச்சு விட ஓர் ஊர்: வாளையாறு தாண்டி வருகிறவர்களுக்கு

வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். கொழிஞ்சாம்பாறைப் பையன் ஒருவன், பொள்ளாச்சியில் இருந்து ஒரு தங்கை, கோவையில் படிப்பு முடிந்ததும் வீட்டில் ஜாதகத்தை வெளியே எடுத்ததால் பதறிப்போன இன்னொருத்தி. கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "அக்கா, என்ன ஆளுங்கன்னு கேக்காத ஊரு, பொண்ணு ராத்திரி பத்து மணிக்கு வந்தா எட்டிப் பாக்காத ஊரு, பாட்டு, நாடகம், சினிமான்னு நாலு பேரு கூடற ஊரு எதாச்சும் இருந்தாச் சொல்லுங்க. மூட்டையக் கட்டிக்கறேன்."

நான் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற வேலந்தாவளத்துக்காரி. நாடகங்களுக்கு ஒளியமைப்பு செய்கிறேன். அந்தக் காசு போதாது என்பதால் தமிழ்ப் பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்களும் அட்டையும் வடிவமைத்துக் கொடுக்கிறேன். திருச்சூர், ஃபோர்ட் கொச்சி, திருவனந்தபுரம் என்று பதினோரு வருடம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு இப்போது பாலக்காடு டவுனில் இருக்கிறேன். போனில் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஊரைத் தேடும் முன் ஒரு சம்பவம் தெரிந்திருக்க வேண்டும். திருநர்களுக்கென்று 2015ல் தனிக் கொள்கை அறிவித்தது கேரளம், இந்தியாவிலேயே முதலாவதாக. 2017ல் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது திருநர் 23 பேரை வேலைக்கு எடுத்தார்கள். நாடெங்கும் அதைப் பாராட்டினார்கள். கொஞ்ச நாளிலேயே அவர்களில் சிலர் வேலையை விட்டார்கள். அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க ஆள் இல்லை. லாட்ஜில் தங்கினால் சம்பளம் லாட்ஜுக்கே போய்விடுகிறது. அரசாங்கம் திறந்த கதவை வீட்டுக்காரர்கள் சாத்திவிட்டார்கள். ஓர் ஊரின் மனசை நான் அளப்பது இந்த வாசற்படியில்தான். அங்கே என்ன விழா நடக்கிறது, சுவரில் என்ன ஓவியம் இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். யாருக்கு வீடு கொடுக்கிறார்கள், கொடுக்கும் முன் என்ன கேட்கிறார்கள்? அதைத் தெரிந்துகொண்டால் பாதி ஊர் தெரிந்துவிடும்.

முதல் வேலை: எதை விட்டு ஓடுகிறோம் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, எதெல்லாம் மூச்சு முட்டுகிறது என்று எழுதுங்கள். சாதியா, கல்யாணப் பேச்சா, காதலா, ராத்திரி வெளியே போக முடியாததா, செய்கிற கலைக்குப் பேச்சுத் துணை இல்லாததா? ஒவ்வொன்றுக்கும் ஊர் வேறு. சாதியில் இருந்து தப்பிக்க வந்தவருக்குக் கலைவிழா நடக்கிற ஊர் உதவாமல் போகலாம். கலைக்குத் துணை தேடி வந்தவருக்கு எந்தப் பெரிய ஊரும் தேவைப்படாமல் போகலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வாளையாறு எல்லைச் செக்போஸ்ட் தாண்டிக் கேரளத்துக்குள் போனதும் சாதி இறங்கிக்கொள்ளாது. முதலமடைப் பஞ்சாயத்தில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனிச் சக்கிலியர் குடும்பங்கள் தீண்டாமையைப் பற்றிச் சொன்ன புகார் 2017ல் கேரளம் முழுக்கச் செய்தியானது. அங்கே இரண்டு தரப்பும் தமிழ் பேசுகிறவர்கள்தான். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் எல்லாரும் நடக்கலாம் என்பதற்கே 1920களில் போராட வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்தத் தெருவில் யார் வேண்டுமானாலும் தேர் பார்க்கலாம். வீடு வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், கதை வேறு.

ஊர்கள், எனக்குத் தெரிந்தவரை

திருச்சூர்தான் முதல்முறை வீட்டை விட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் ஊர். பாலக்காட்டில் இருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். கேரள மாநிலத்தின் சாகித்ய அகாடமி, சங்கீத நாடக அகாடமி, லலிதகலா அகாடமி மூன்றும் இங்கேதான். அரணாட்டுக்கரையில் காலிகட் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. 2008ல் தொடங்கிய சர்வதேச நாடக விழாவும் இங்கேதான் நடக்கிறது. நாடகக்காரர்கள் கூட்டம் சேர்வதால் அறை பகிர்ந்துகொள்ள ஆள் கிடைக்கும். ஆனால் ஊர் சீக்கிரம் தூங்கிவிடும். தேக்கின்காடு மைதானத்து மரத்தடியில் ஆண்கள் மணிக்கணக்காகச் சீட்டாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பார்கள். இருட்டிய பிறகு அதே மரத்தடியில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்தால் எல்லாத் தலையும் திரும்பும்.

கோழிக்கோட்டை நான் மனசார நேசிக்கிறேன். இசையமைப்பாளர் பாபுராஜின் ஊர். வீட்டு மாடிகளில் மெஹ்ஃபில் என்கிற பாட்டுக் கூடுகை வைத்து விடிய விடியப் பாடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. 2023ல் யுனெஸ்கோ இலக்கிய நகரம் என்று அறிவித்தது, இந்தியாவில் முதல் ஊர். ஆட்டோக்காரர் மீட்டர் போட்டு, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுப்பார். அதே ஊரில்தான் 2014 அக்டோபரில் ஓர் ஓட்டலில் ஆணும் பெண்ணும் நெருக்கமாக இருந்தார்கள் என்று சொல்லி ஒரு கும்பல் கடையை அடித்து நொறுக்கியது. அதற்குப் பதிலாக நவம்பர் 2ஆம் தேதி கொச்சி மரைன் டிரைவில் முத்தப் போராட்டம் நடந்தது. மலையாளத்தில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: சதாசாரப் போலீஸ். ஒழுக்கம் காக்கிறேன் என்று வழிமறிக்கிற அக்கம்பக்கத்து ஆட்கள். இந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டு போங்கள், தேவைப்படும்.

திருவனந்தபுரம் தமிழர்களுக்குப் பழகிய ஊர். தமிழ் எழுத்தாளர்களில் நகுலன் தனியாக வாழ்ந்த ஊர். ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்துக்கொண்டே எழுதினார். நீல பத்மநாபனும் இங்கேதான். கரமனை, வலியசாலைப் பக்கம் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். சினிமாவுக்காக வருகிறவர் வேறு ஊரைப் பார்க்கவே வேண்டாம். 1996ல் கோழிக்கோட்டில் தொடங்கிய சர்வதேசத் திரைப்பட விழா ரொம்ப வருடமாக இங்கே டிசம்பரில் நடக்கிறது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர் படிக்கட்டில் அந்த ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாலே நாலு சிநேகிதர்கள் கிடைப்பார்கள். வெள்ளையம்பலத்தில் மானவீயம் வீதி என்று ஒரு சின்னத் தெரு. ராத்திரியிலும் பாட்டு, கூத்து, தேநீர் என்று ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் உட்காரலாம். எனக்கு அந்தத் தெரு பிடிக்கும். ஆனால் மற்ற 51 வாரமும் இது அரசு அலுவலர்களின் ஊர் என்பதை மறந்துவிட வேண்டாம். வாடகைக்கு வீடு பார்க்கையில் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செயலாளர் வந்து நிற்பார்.

இனி ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி. எல்லாரும் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2012 டிசம்பர் 12ல் பினாலே என்கிற சர்வதேசக் கலைக் கண்காட்சி தொடங்கிய பிறகு மிளகும் இஞ்சியும் அடுக்கிவைத்த பழைய பண்டகசாலைகள் ஓவியக்கூடங்கள் ஆயின. அஸ்பின்வால் ஹவுஸ், பெப்பர் ஹவுஸ் எல்லாம் அப்படி வந்தவைதான். கொங்கணி, குஜராத்தி, கச்சி மேமன், யூதர், தமிழர் என்று பல மொழிக்காரர்கள் பல தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த இடம் அது. வெளியூர்க்காரி என்பதால் யாரும் முறைக்க மாட்டார்கள், அதுவே பெரிய நிம்மதி. ஆனால் பினாலே சமயத்திலும், பாப்பாஞ்ஞி என்கிற பெரிய கிழவன் பொம்மையை எரிக்கிற புத்தாண்டு ராத்திரியை ஒட்டியும் போய்ப் பார்த்துவிட்டு "இதுதான் என் ஊர்" என்று முடிவு செய்யாதீர்கள். அந்த மூன்று நாலு மாதம் ஊர் வேறு உடுப்பில் இருக்கும்.

பாலக்காட்டையும் பட்டியலில் வையுங்கள். பெரிய விழா இல்லை, ராத்திரி வாழ்க்கை இல்லை. ஆனால் கோட்டைக்கு அடுத்து ராப்பாடி திறந்தவெளி அரங்கம் இருக்கிறது, ஊருக்கு ஊர் வாசகசாலை இருக்கிறது, கோவை ஒரு மணி நேரத்தில், கொச்சி மூன்று மணி நேரத்துக்குள். இங்கே வீடு வைத்துக்கொண்டு மாதம் இரண்டு முறை கொச்சிக்கோ கோழிக்கோட்டுக்கோ போய் வருகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் இப்போது அப்படித்தான்.

அடுத்தது: மழையில் போய்ப் பாருங்கள்

பட்டியலை இரண்டு ஊராகக் குறைத்தபின் ஜூலையில் போங்கள், கர்க்கடக மாசத்தில். சுவரில் பாசி படர்ந்திருக்கும், சுற்றுலாக்காரர்களை நம்பிய கடைகளில் பாதி சாத்தியிருக்கும். அப்போதும் திறந்திருக்கிற கடைதான் ஊர்க்காரர்களின் கடை. அங்கே போய் உட்காருங்கள்.

மூன்று சோதனை செய்யச் சொல்வேன். இரவு ஒன்பதரைக்குத் தனியாகப் போய் ஒரு தட்டுக்கடையில், அதாவது தெருவோரக் கடையில், பால் சேர்க்காத கட்டன் சாயா குடிப்பது, பெண்களானால் கட்டாயம். அடுத்த நாள் பஸ்ஸில் வேலைக்குப் போகிற நேரத்தில் ஊரின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குப் போவது. ஃபோர்ட் கொச்சியில் இருந்துகொண்டு காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கலாம் என்று கனவு காண்கிறவர்கள் அந்தப் பயணத்தைக் காலை எட்டரைக்கு ஒருமுறை செய்துவிடுங்கள். மூன்றாவது, ஊர்க்காரர் யாரிடமாவது தண்ணீரைப் பற்றிக் கேட்பது. மேற்குக் கொச்சியில் கிணற்றுத் தண்ணீர் உப்பு, குழாய்த் தண்ணீர் நின்றால் லாரிதான். கொசுவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், வலை வாங்கிவிடுங்கள். 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு எரிந்து நகரமே புகைக்குள் கிடந்தபோது, கலைநகரம் என்று பாடிக்கொண்டிருந்த நாங்கள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றோம்.

தங்குவதற்கு லாட்ஜ் எடுத்துப் பணத்தை விடாதீர்கள். எர்ணாகுளம் நார்த் பக்கம் கொச்சி மாநகராட்சியின் ஷீ லாட்ஜ் இருக்கிறது, பெண்களுக்கு மட்டும், குறைந்த கட்டணம். சாப்பாட்டுக்குக் குடும்பஸ்ரீ என்கிற மகளிர் குழுக்களின் பெண்கள் நடத்துகிற ஓட்டல்களைத் தேடுங்கள். ஃபோர்ட் கொச்சிக்கு ஹைகோர்ட் ஜெட்டியில் இருந்து வாட்டர் மெட்ரோ போகிறது. எர்ணாகுளம் படகுத்துறையில் இருந்து பழைய அரசுப் படகும் உண்டு. முதல்முறை பழைய படகிலேயே போங்கள். மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புகிற பெண்களிடம் விசாரிப்பது போல ஆயிரம் ரூபாய் கொடுத்த புரோக்கரிடம்கூட விசாரிக்க முடியாது.

வீடு

இதுதான் கஷ்டமான பகுதி. புரோக்கர் பெரும்பாலும் ஒரு மாத வாடகையைக் கூலியாகக் கேட்பார். வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "ஃபேமிலியாணோ?" (குடும்பமா?) "எவிடெயா ஜோலி?" (எங்கே வேலை?) அடுத்தது சுற்றிவளைத்து வரும்: "வீட்டில் எந்தா பேரு? அச்சன்றெ முழுவன் பேரு?" (வீட்டில் என்ன பேர்? அப்பாவின் முழுப் பேர்?) முழுப் பேரில் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கத்தான்.

திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டை எல்லாம் பேசி முடித்தேன். முன்பணம் கையில் இருந்தது. மொட்டை மாடி, வேப்பமரம், எனக்குப் பிடித்த வீடு. கடைசியில் அந்த அம்மா என் பையில் இருந்த தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்தார். "தமிழா?" என்றார். ஆமாம் என்றேன். மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று உள்ளே போனார். பின்கட்டில் யாரிடமோ "பாண்டியாடா" என்று சொன்னது எனக்குக் கேட்டது. தமிழர்களை இளக்காரமாகச் சொல்கிற சொல் அது. அரைமணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், யாரும் வெளியே வரவில்லை. பஸ் ஏறியபிறகுதான் அழுகை வந்தது. அதை இங்கே எழுதக் காரணம், உங்களுக்கும் நடக்கும். அன்றைக்கே கிளம்பி ஊருக்கு வந்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான்.

ஃபோர்ட் கொச்சியில் எனக்கு வீடு கிடைத்தது வேறு வழியாக. வெளி என்கிற இடத்து மைதானத்துப் பக்கம், துணி வெளுக்கிற தோபிகானா இருக்கிறது. டச்சுக்காரர்கள் காலத்தில் துணி வெளுக்கக் கொண்டுவந்த தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் அங்கே தொழில் செய்கின்றன. சும்மா பார்க்கத்தான் போனேன். வரிசையாகத் துவைக்கிற கல்தொட்டிகள். வெயிலில் இரண்டு கயிறை ஒன்றாக முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் ஓரத்தைச் சொருகியிருந்தார்கள். ஒரு கிளிப் கிடையாது, காற்றில் ஒன்றும் விழவில்லை. உள்ளே ஒரு பாட்டி கஞ்சி போட்ட வேட்டியைக் கையால் நீவிவிட்டு, தூக்கவே முடியாத இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்தார். "எந்த ஊரு கண்ணு?" என்றார், என் வாயைப் பார்த்ததுமே. வேலந்தாவளம் என்றேன். "வீடு வேணுமா? புரோக்கருகிட்ட போகாத. இரு." மறுநாள் அவர் பேத்தி என்னைக் கூட்டிப்போய் ஒரு மாடி அறையைக் காட்டினாள். மாதம் 7,500. தனி மாடிப்படி, அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். வீட்டுக்காரர் நடுக்கூடத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும் என்றால் எவ்வளவு நல்ல மனிதர் ஆனாலும் அந்த வீடு வேண்டாம். நாடகம் முடிந்து ராத்திரி ஒரு மணிக்கு வருகிறவளுக்குத் தனி வழி உயிர்.

அதனால் என் சொல் இது: புது ஊரில் முதலில் நம் மொழி பேசுகிற உழைப்பாளிகளைத் தேடுங்கள். தேய்ப்புக்கடை, இட்லிக்கடை, பூக்கடை. எந்த வீடு காலி, எந்த வீட்டுக்காரர் குடிப்பார், எந்தத் தெருவில் சதாசாரப் போலீஸ் தொல்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

பணயம் என்று ஒரு முறை உண்டு, நம் பக்கத்து ஒத்தி மாதிரி. மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் வாடகை இல்லை, காலி செய்யும்போது தொகை திரும்பும். மேற்குக் கொச்சியில் இது சாதாரணம். கையில் பணம் இருந்தால் ஆசை வரும். அந்த வீடு ஏற்கனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் உங்கள் பணமும் சேர்ந்து மாட்டும். வில்லங்கச் சான்று பார்க்காமல், பத்திரம் எழுதாமல் கொடுக்கவே கூடாது. வாடகைக்கென்றால் 11 மாத ஒப்பந்தம், முத்திரைத்தாளில். "விருந்தாளி வரலாம்" என்பதைக்கூட நான் எழுதச் சொல்லிவிடுவேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

காசு

ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் கலையை நம்பி வராதீர்கள். கலை விழாக்கள் தருகிற வேலை நாலு மாதம்தான், பினாலேவோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. எங்கிருந்தும் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கையோடு கொண்டுவாருங்கள்: மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, கணக்கு எழுதுவது, டியூஷன், எதுவானாலும். தமிழும் மலையாளமும் எழுதத் தெரிந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் வேலை உண்டு. எல்லைக்காரர்களாகிய நமக்குப் பிறப்பிலேயே கிடைத்த சொத்து அது.

பேச்சு

நம் மலையாளம் செக்போஸ்ட் மலையாளம். அதை வைத்துச் சமாளித்துவிடலாம், ஆனால் சிநேகிதம் பிடிக்க முடியாது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு மாதத்தில் பஸ் பலகையும் நாடக நோட்டீஸும் படித்துவிடலாம். வழுக்குகிற சொற்களைக் குறித்து வையுங்கள். வெள்ளம் என்றால் தண்ணீர்தான், பயப்பட வேண்டாம். பட்டி என்றால் நாய். "எங்க பட்டிக்கு வாங்க" என்று யாரையும் அழைத்துவிடாதீர்கள். சம்சாரம் என்றால் பேச்சு. பேடி என்றால் பயம், திட்டு இல்லை.

"அண்ணாச்சி", "பாண்டி" என்று கூப்பிட்டால் என்ன செய்வது என்று ஒரு தம்பி கேட்டான். என் பேரைச் சொல்லி, அப்படிக் கூப்பிடுங்கள் என்பேன், சிரிக்காமல். பாதிப் பேர் வெட்கப்பட்டுத் திருத்திக்கொள்வார்கள். மீதிப் பேரோடு நமக்கு வேலை இல்லை.

ஆட்களைச் சேர்ப்பது

கஃபேயில் போய் உட்கார்ந்தால் ஊர் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். அங்கே இருப்பவர்கள் பாதிப் பேர் நாளைக்குப் போய்விடுவார்கள். வாசகசாலைக்குப் போங்கள். 1945ல் பி.என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கத்தால் கேரளத்தில் ஊருக்கு ஊர் அது இருக்கிறது. சாயங்காலம் நாளிதழ் படிக்கிற பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அந்த வார நாடகம், படக்காட்சி, கூட்டம் எல்லாம் தெரிந்துவிடும். உறுப்பினர் கட்டணம் அற்பம். ஃபிலிம் சொசைட்டிகளும் அப்படியே. அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965ல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகாவைத் தொடங்கியதில் இருந்து வருகிற பழக்கம் அது. நாற்காலி எடுத்துப்போட ஆள் எப்போதும் குறைவு. போன முதல் நாளே நாற்காலி போடுங்கள். திருச்சூரில் நான் முதல் ஆறு மாதம் ஒளியமைப்பில் செய்ததெல்லாம் ஒயர் சுருட்டியதுதான். அந்த ஒயர் சுருட்டலில் கிடைத்தவர்கள்தான் இன்றைக்கும் என் காய்ச்சலுக்குக் கஞ்சி கொண்டுவருகிறவர்கள்.

காகிதமும் பாதுகாப்பும்

காதலித்தவரோடு வருகிறவர்களுக்கு: சாதி, மதம் மாறிய கல்யாணத்துக்கு 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அதன்பின் நோட்டீஸ் கொடுத்து இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸ் அலுவலகப் பலகையில் தொங்கும். வீட்டார் தேடிவரக்கூடும் என்ற பயம் இருந்தால் நோட்டீஸ் கொடுக்கும் முன்பே ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்குத் தங்க இடம் உறுதி செய்யாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

பெண்கள் போனில் பதிந்துவைக்க வேண்டிய எண்கள்: அவசரத்துக்கு 112, பிங்க் போலீஸ் 1515, பெண்கள் உதவிக்கு 181. சதாசாரப் போலீஸ் வழிமறித்தால் வாக்குவாதம் வேண்டாம், 1515ஐ அழுத்துங்கள், சத்தமாகப் பேசுங்கள்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் மனு எழுதலாம், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்பதால் அந்த உரிமை உண்டு. கொச்சி அந்தப் பகுதியில் இல்லை, அங்கே மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொள்வது நல்லது. வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. தமிழ்நாட்டு வண்டியோடு வருகிறவர்கள் 12 மாதத்துக்குமேல் இங்கே ஓட்டினால் கேரளப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குச் சொந்த ஊர் ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று தேவை. அதை வாங்க ஒருநாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தால், அம்மாவைப் பார்க்க அந்த நாளையே வைத்துக்கொள்ளுங்கள்.